ஹோலில் இருந்தவன்

ஜெமீலின் குரல் ஒருவருக்குக் கேட்காமல் போனது என்றால் சாய்ந்தமருதில் சிரிப்பார்கள். அவன் கரைவலைக்கு மண்டாடி. கயிற்றின் இரண்டு தலைப்பிலும் ஆட்கள் குனிந்து இழுக்கும்போது எந்தப் பக்கம் முந்துகிறது, எந்தப் பக்கம் பிந்துகிறது என்று பார்த்துச் சத்தம் போடுவதுதான் அவன் வேலை. அலைக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை வீட்டுக்குள் வந்தும் அடங்காது. அந்த வீட்டில் இன்றைக்கு என்ன ஆணம், அதில் உப்புக் கூடவா குறையவா என்பதெல்லாம் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த விசயம். அப்படிப்பட்டவன் தன் பெண்சாதியைப் பார்த்துச் சொன்ன சொல், முன்பக்க ஹோலில் குந்தியிருந்த அவளுடைய காக்காவுக்குக் கேட்கவில்லையாம். ஊர் நம்பவில்லை. ஊரைக் குறை சொல்லவும் முடியாது.

காக்கா என்பது முபீன். ஜெமீலின் பெண்சாதி ஜெனூபாவுக்கு அண்ணன். ஒலிப்பதிவு அவன் தொழில். கல்முனைப் பக்கத்தில் மார்க்கச் சொற்பொழிவோ கலியாணமோ பள்ளிக்கூட விழாவோ எது நடந்தாலும், அதை நேரலையில் விடுகிறவர்கள் சத்தத்துக்கு முபீனைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரர் வருகிற மாதங்களில் அறுகம்பேக்குப் போய், கடற்கரை விடுதிகளில் பாடுகிற பொடியன்மாரின் பாட்டைப் பதிவுசெய்து கொடுத்துவிட்டு வருவான்.

அந்தத் தொழிலுக்கு வாங்கியதுதான் அந்த இயர்போன். பஸ்ஸில் எல்லாரும் காதில் தொங்கவிட்டுத் திரிகிற சாமான் அல்ல. முனையில் நுரைக் குமிழ் இருக்கும். அதை விரலிடையில் உருட்டி ஒடுக்கி, மற்றக் கையால் காதின் மேல்மடலை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். நுரை மெல்ல விரியும். விரிய விரிய வெளிச்சத்தம் வற்றிப்போய், கடைசியில் தன் மூச்சும் தான் எச்சில் விழுங்குவதும்தான் மிச்சம். மைதானத்தில் பெரிய பெட்டிகள் முழங்கும்போது சாதாரண ஹெட்போன் போட்டவனுக்குப் பெட்டியின் சத்தம்தான் கேட்கும். பதிவில் என்ன ஏறுகிறது என்று தெரியாது. இதைப் போட்டால் பதிவில் ஏறுவது மட்டும் கேட்கும். மைக்கில் காற்றுப் பிடிப்பதும், பேசுகிறவரின் சட்டைப் பொத்தான் உரசுவதும், எங்கேயோ ஒரு வயர் இரைவதும் முபீனுக்குத் தனித்தனியே பிரிந்து கேட்கும்.

பொத்துவில் பஸ்ஸிலும் அதுதான். சாரதியின் பாட்டு, ஹோர்ன், பின் சீட்டில் அழுகிற பிள்ளை எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு, அன்றைய பதிவைச் சத்தம் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டு வருவான். கண்டக்டர் தோளில் தட்டித்தான் டிக்கெட் கொடுக்க வேண்டும். ஒருமுறை சாய்ந்தமருது தாண்டி, கல்முனையும் தாண்டி, பாண்டிருப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்தான். அதைப் பெருமையாகத்தான் சொல்லுவான்.

கருவியில் பிழை இல்லை. வேலை இல்லாத நேரத்திலும் அதைச் செருகிக்கொள்ளப் பழகினானே, அதில்தான் பிழை. தங்கையும் மச்சானும் வாய்த்தர்க்கப்படத் தொடங்கினால் முபீனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். பாட்டுக்கூட ஓட வேண்டியதில்லை. புருசன் பெண்சாதி கதையில் தலையிடாத நல்ல காக்கா என்று தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்டு குந்தியிருப்பான். அந்தப் பேரும் அவனுக்கு வசதியாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. ஆண்பிள்ளை உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டிக் கொடுப்பான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவான். பிரிவினை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறவன் ஆம்பிளைதான். உம்மாவும் வாப்பாவும் சுனாமியில் மௌத்தான பிறகு, நிந்தவூரில் இருக்கும் சித்தி லைலா சாச்சிதான் முபீனையும் ஜெனூபாவையும் வளர்த்தாள். முபீன் கட்டாருக்குப் போய் ஹோட்டல் மண்டபங்களில் வயர் இழுத்து, தங்கைக்கு இந்த வீட்டைக் கட்டினான். தனக்கு இன்னும் கலியாணம் ஆகாததால், ஹோலை ஒட்டிய சின்ன அறையில் பெட்டியும் மைக்குமாகக் கிடந்தான்.

கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதம் அது. அன்று வலையில் கீரிமீன் நன்றாகப் பட்டது. அந்தச் சந்தோசத்தில் ஜெமீல் வலைப் பங்காளிகள் இரண்டு பேரைப் பகல் சோற்றுக்கு வாருங்கள் என்று கையோடு கூட்டிவந்துவிட்டான். வீட்டுக்குச் சொல்லவில்லை. ஜெனூபா மகள் ஸம்றாவைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத் தலையிடியோடு படுத்து எழும்பி, நேற்றைய மீனாணத்தைச் சூடாக்கி, தங்கள் அளவுக்குக் கொஞ்சம் சோறு வைத்திருந்தாள். வந்தவர்கள் நிலைமையைப் பார்த்து, "இன்னொரு நாளைக்கி வாறமே" என்று தேத்தண்ணியோடு போய்விட்டார்கள். விருந்துக்கு வந்தவன் வெறும் வயிற்றோடு திரும்பிப்போனது ஜெமீலுக்குத் தாங்கவில்லை.

அன்றைக்குப் பக்கத்து வீட்டில் மேல்தட்டுப் போட்டார்கள். கொங்கிரீட் குழைக்கும் மெசின் காலையிலிருந்து உருண்டுகொண்டிருந்தது. ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு ஜெமீலின் சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை. முபீன் ஹோலில், அடுப்படிக்கு முதுகு காட்டிக்கொண்டு, அறுகம்பேயில் பதிவுசெய்த பாட்டைத் திருத்திக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் ஜெமீல் கையில் பையோடு அவனைக் கடந்து வாசலால் இறங்கிப்போனான். கடற்கரையில் வலைக்காரர் படுக்கும் வாடிக்குப் போகிறான், கோபம் ஆறினால் வருவான் என்று முபீன் நினைத்தான். பாட்டு முடிந்து இயர்போனைக் கழற்றியபோதுதான் அடுப்படியில் ஜெனூபா நிலத்தில் குந்தி அழுவதைக் கண்டான்.

தலாக் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதை ஜெமீலும் மறுக்கவில்லை. ஒருதரம் சொன்னேன் என்றான் அவன். மூன்று தரம் என்றாள் அவள். ஒருதரம் என்றால் கோபம் ஆறி மீட்டுக்கொண்டு சேர்ந்து வாழலாம். மூன்று என்றால் அந்த வாழ்க்கை அன்றோடு முடிந்தது. வீட்டில் அந்த நேரம் இருந்த மூன்றாவது ஆள் முபீன்.

குடும்பப் பிணக்குகளைத் தீர்த்துவைக்கிற குடி மரைக்கார் அப்துல் கபூர் ஹாஜியார் விசாரிக்க வருவதற்கு முதல்நாள், முபீன் சந்தையால் வாங்கிவந்த மீனை அடுப்படியில் வைத்தான். ஜெனூபா அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக் குந்தினாள்.

"நாளைக்கி அசறுத் தொழுதிட்டு வாறாங்களாம் காக்கா."

"ஓம், பள்ளியில சென்னாங்க."

"மூணு தரம் சென்னவர். விரல மடக்கி மடக்கிச் சென்னவர். நான் பொய்யா செல்றன்?"

"நீ பொய் செல்றாய் எண்டு ஆரு புள்ள சென்ன?"

"ஆரும் செல்லல்ல. நம்புற ஆளும் இல்ல. சாச்சியே கேக்கிறா, கோவத்தில ஒனக்கு அப்புடிக் கேட்டிரிக்குமோ எண்டு. நேத்து முன்னூட்டுப் பொம்புள வந்து செல்றா, ஒருக்கா எண்டே வெச்சிக்க, ஒரு புள்ளயும் இரிக்கு, கண்ண மூடிட்டு வாழு எண்டு."

முபீன் தண்ணீர்க் குடத்தருகே சுவரில் சாய்ந்து நின்றான். "ஒனக்கு என்ன விருப்பம்? அவர் வாறது விருப்பமில்லயா?"

"விருப்பமில்லாமயா காக்கா இத்தின வருசம் வாழ்ந்த? அவர் சத்தம் போடுவார், பொறகு ஸம்றாவத் தூக்கி வெச்சிட்டு மீன் முள்ளு எடுத்து ஊட்டுவார். அந்த மனிசன எனக்கு வெறுப்பில்ல. ஆனா என்ட காதால கேட்ட நான். கேட்டத்த எப்புடிக் கேக்கல்ல எண்டு ஆக்குற? மூணும் செல்லிப்போட்ட ஆளோட ஒரு பாயில படுத்தா அதுக்குப் பேரு என்ன? நாளைக்கி அல்லாஹ்க்கிட்ட ஊரா வந்து பதில் செல்லும்? நான்தானே செல்லணும்."

"நான் கேக்கல்லயே புள்ள. கேக்காதத்தக் கேட்ட எண்டு சாட்சி செல்ல ஏலாதே. அது பெரிய பாவம்."

"கேட்ட எண்டு செல்லச் செல்லல்ல நான்." அவள் செதில் சீவுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "கேக்கல்ல எண்டும் செல்லாதீங்க. அவ்வளவுதான். சும்மா இரிங்க."

"சும்மா இரிந்தா என்ன நடக்கும்?"

"நீங்க ஹோல்ல இரிந்தது அவருக்குத் தெரியும். கேட்டீங்களா இல்லயா எண்டது தெரியா. அவர்ட காக்கா காலிதீன் மச்சான் வந்து வந்து முபீன் என்ன செல்றான் எண்டு கேட்டுட்டுப் போறார். தம்பிக்காகக் கேக்கிறார். ஏன் கேக்கணும்? பயம். நீங்க இயர்போன் கதய ஊருக்குச் சென்னீங்க, அத அவங்க சாட்டு எண்டு நெனைக்கிறாங்க. நெனைக்கட்டும். நீங்க தலயக் குனிஞ்சிட்டு இரிந்தாக் காணும். ஒங்கட முகத்துக்கு முன்னால அவர் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டார். எனக்கு அவரத் தெரியும்."

"சரி புள்ள. வாய் தொறக்க மாட்டன்."

"நெசமா?"

"நெசமா."

அவள் மறுபடி செதில் சீவத் தொடங்கினாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"அண்டைக்கி அத ஏன் காக்கா போட்டீங்க?"

"மெசின் சத்தம். வேலை செய்ய ஏலாம இரிந்த."

அது முழுப் பொய் அல்ல. மெசின் காலையிலிருந்து ஓடியது. அதற்காக ஒரு காதில் செருகியிருந்தான். மற்றக் குமிழ் கழுத்தில் தொங்கியது. ஜெமீலின் தொண்டை உயர்ந்தபோதுதான் அதையும் உருட்டி உள்ளே விட்டான். தங்கைக்கு அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் குமிழ் கழுத்தில் தொங்கியபடியே கிடந்திருந்தால் இன்றைக்கு இவள் இப்படித் தன்னிடம் கெஞ்ச வேண்டியிருக்காது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் அசறுக்குப் பிறகு ஹாஜியார் வந்தார். கூடவே ஜெமீலும் அவன் மூத்தவன் காலிதீனும். ஜெமீல் தான் வழக்கமாக உட்காரும் கதிரையை விட்டு, வாசலோரமாக வெளியாள்போலக் குந்தினான். மெலிந்திருந்தான். வாடியில் படுத்து எழும்பி உடுப்பெல்லாம் கருவாட்டு மணம். அறைக் கதவுச் சீலைக்குப் பின்னால் ஜெனூபாவும் சித்தி லைலா சாச்சியும் இருந்தார்கள். சாச்சி தேத்தண்ணியும் வாழைப்பழமும் சீலைக்குக் கீழால் நீட்ட, முபீன் வாங்கி வைத்தான்.

ஹாஜியார் நல்ல மனிதர். குடும்பம் பிரிவதை அவருக்குப் பார்க்க முடியாது. அந்த நல்ல குணத்தால் சில குடும்பங்கள் வாழ்ந்தன, சில வாழ முடியாமல் வாழ்ந்தன.

"ஜெமீல், நான் கேக்கிறத்துக்குப் பதில் செல்லு. எத்தின தரம்?"

"ஒருக்கா ஹாஜியார்." சொல்லும்போது முபீனைத்தான் பார்த்தான்.

"மகள் ஜெனூபா, நீ?"

"மூணு தரம்" என்றது சீலைக்குப் பின்னாலிருந்து.

"பொண்டாட்டி மூணு எண்டும் புருசன் ஒண்டு எண்டும் சென்னா, சாட்சி வேணும். சாட்சிக்கு ரெண்டாள் தேவை. இஞ்ச ஒராள்தான் இரிந்திரிக்கான். ஒராள் எண்டாலும் அவன் கேட்டிரிந்தா, ஜெமீல் சத்தியம் பண்ண முந்தி யோசிக்கணும். தம்பி முபீன், நீ என்ன செல்றாய்?"

முபீன் தலையைக் குனிந்தான்.

ஜெமீல் உடுத்திருந்த சாரத்தின் விளிம்பைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தான். காலிதீன் தொண்டையைச் செருமினான். முபீன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்திருந்தால் போதும். ஜெமீலின் நெற்றியில் வியர்வை துளிர்த்ததை முபீன் கண்டான். ஜெனூபா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று அவனுக்கு விளங்கியது.

"கதைக்க மாட்டான்" என்றார் ஹாஜியார், கோபமில்லாமல். "ஒரு பக்கம் தங்கச்சி, ஒரு பக்கம் மச்சான். அதுக்குத்தான் காதுல என்னமோ போட்டிரிந்த எண்டு ஒரு சாட்டுச் செல்லிட்டுத் திரியிறான். நம்ம என்ன விளங்காத ஆக்களா? ஜெமீல்ட கொரல் காரைதீவுக்குக் கேக்கும். என்ட மகள்ட மகனும் ஒண்டு காதுல வெச்சிட்டுத் திரியிறான். பெலத்துச் சத்தம் போட்டா ஓடி வாறான். எல்லாம் ஒரே சாமான்தானே."

"ஒரே சாமான் இல்ல ஹாஜியார்."

முபீனின் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. அறுகம்பேக்கும் கல்முனைக்கும் இடையில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள், எத்தனை தரம் இதே பதிலைச் சொல்லியிருப்பான். தொழில்காரனின் நாக்கு. சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம் ஒன்று கேட்டது. அதையும் அவன் கவனித்தான். ஆனால் ஹாஜியார் சிரித்துவிட்டார்.

"என்ன வித்தியாசம் மகன்? காது எண்டா காதுதானே. அடைச்சிப்போட்டா கேக்காமப் போக அது என்ன சீமெந்தா?"

"அப்புடி இல்ல ஹாஜியார். அது சும்மா காதுக்கு வெளிய குந்திற சாமான். இது உள்ளுக்குப் போய் விரியிற. வெளிச் சத்தம் வராம இரிக்கத்தான் செஞ்சிரிக்கிற. இல்லாட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு பதிவு பண்ண ஏலுமா?"

"கத உடுறாய்."

"கத இல்ல. போட்டுப் பாருங்களன்."

தன் சின்ன அறைக்குப் போய் இயர்போனை அதன் கறுப்புப் பையோடு எடுத்துக்கொண்டு வந்தான். வந்தவன் ஹாஜியாரின் தொப்பியை மெல்ல ஒதுக்கினான். குமிழை உருட்டினான். காது மடலை இழுத்துப் பிடித்து, பிள்ளைக்கு மருந்து விடுவதுபோல் பக்குவமாக உள்ளே விட்டு, விரியும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மற்றக் காதுக்கும் அப்படியே. அந்த நேரத்தில் அவன் தங்கையை மறந்துவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கை அதன் வேலையைச் செய்தது, அந்த வேலையில் ஒரு சந்தோசமும் இருந்தது.

"ஜெமீல், சத்தம் போடு" என்றான் காலிதீன். அவனுக்கு விசயம் எங்கே போகிறது என்று முதலில் விளங்கியிருக்க வேண்டும். "கரையில போடுற மாதிரிப் போடு."

ஜெமீல் தயங்கினான். பிறகு எழும்பி அடுப்படி வாசலில் போய் நின்றான். அன்றைக்கு நின்ற அதே இடம்.

"தெக்கித் தலப்பு இழுங்கடா. இழுங்கடா. வடக்கித் தலப்பு உடு."

சீலை ஆடியது. முற்றத்துக் கோழி கொக்கரித்து ஓடியது. ஒழுங்கையில் சைக்கிளில் போனவன் காலூன்றி நின்று எட்டிப் பார்த்தான். ஹாஜியார் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜெமீலின் வாயையே பார்த்தபடி, இனித்தான் சத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தார். கொஞ்ச நேரம் போனபின் காது அடைத்தவர்கள் கதைக்கிற பெரிய குரலில், "ஏன்டா வாய மட்டும் ஆட்டுறாய்? சத்தத்தப் போடன்டா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஜெமீலும் சிரித்தான். முபீனும்தான், தன் சாமான் பிழைக்கவில்லை என்று. சிரித்து முடிவதற்குள் அவன் கண் சீலைப் பக்கம் போனது.

ஹாஜியார் குமிழைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "சுபஹானல்லாஹ். நான் ஒன்ன நம்பல்ல மகன், மன்னிச்சிக்க. இவனுக்கு மெய்யாவே ஒண்டும் கேட்டிரிக்காது. அப்ப இஞ்ச சாட்சி எண்டு ஆரும் இல்ல."

"ஹாஜியார், நான்..." என்று தொடங்கினான் முபீன்.

"என்ன, கேட்டதா ஒனக்கு?"

கேட்டது என்று சொன்னால் பொய். சும்மா இருப்பதற்கு இனி அர்த்தமில்லை.

"இல்ல" என்றான்.

ஜெமீல் சத்தியம் பண்ணினான். வல்லாஹி, ஒருதரம்தான் சொன்னேன் என்றான். சொல்வதற்கு முன் முபீனை ஒருதரம் பார்த்தான். அந்தப் பார்வையில் முன்பிருந்த பயம் இல்லை.

"கோவத்தில சென்ன சொல்லு மகள்" என்றார் ஹாஜியார் சீலையைப் பார்த்து. "கேக்கிறவளுக்கு ஒண்டு மூணாக் கேக்கும்."

"ஒண்டு ஒண்டாத்தான் கேக்கும் ஹாஜியார்" என்றாள் ஜெனூபா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜெமீல் வீட்டுக்கு வரலாம் என்று முடிவாகியது. மௌலவியிடமும் கேட்டுச் செய்ய வேண்டியதைச் செய்துகொள்ளலாம் என்று ஹாஜியார் எழும்பினார். போகும்போது முபீனின் தோளில் தட்டி, தங்கச்சி என்றும் பாராமல் உண்மையைச் சொன்ன பிள்ளை என்று மெச்சினார். அந்த மெச்சலை அவன் வாழ்நாளில் மறக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை ஜெமீல் புதுச் சாரமும், ஒரு கையில் பையும், ஒரு கையில் தயிர்ச் சட்டியுமாக வந்தான். அவன் வாசல் ஏறும்போது ஜெனூபா ஸம்றாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் இறங்கினாள். அவளிடமும் ஒரு பை. சித்தி லைலா சாச்சி ஒழுங்கை முகப்பில் ஓட்டோவோடு நின்றாள். பையோடு ஆம்பிளை இறங்குவதை எங்கள் ஊர் எத்தனையோ தரம் கண்டிருக்கிறது. தன் பேரில் இருக்கிற வீட்டை விட்டு ஒரு பெண் பையோடு இறங்கியதை அந்த ஒழுங்கை அன்றைக்குத்தான் கண்டது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார்கள். ஜெமீல் தயிர்ச் சட்டியை வைக்க இடம் தெரியாமல் நின்றான்.

முபீன் பின்னால் ஓடினான். ஒழுங்கைப் புழுதியை வெயில்காற்று அள்ளிப் போட்டது.

"புள்ள, நில்லு. அந்தப் பையத் தா."

"பாரமில்ல காக்கா."

"ஒன்ட ஊடு. நீ ஏன் போறாய்? அவரப் போகச் செல்லுவம்."

"எப்புடிச் செல்ற? அவர் வரலாம் எண்டு தீர்ந்திரிக்கு. சாட்சியில்ல எண்டும் தீர்ந்திரிக்கு. நான் அவர வராத எண்டு சென்னா, ஊர் என்னத்தானே பேசும். அவர் வரட்டும். ஆனா நான் இரிக்க மாட்டன். எனக்குத் தெரிஞ்சத்தோட எப்புடி இரிக்கிற?"

"நான் பொய் ஒண்டும் செல்லல்லயே புள்ள."

"ஓம் காக்கா." அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பொய் ஒண்டும் செல்லல்ல. சும்மா இரிங்க எண்டுதான் சென்ன நான். இந்த ஊட்டில நான் கத்தி அழுத நாளெல்லாம் நீங்க சும்மாதான் இரிந்தீங்க. அந்த ஒரு நாளைக்கி மட்டும் ஒங்களுக்கு ஏலாமப் போயிட்டு."

ஸம்றா, "மாமா, நீங்க வரல்லயா?" என்று கேட்டது. ஜெனூபா பிள்ளையை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். "நீங்க கட்டின ஊடுதானே. நீங்க இரிங்க" என்றாள். ஓட்டோ பிரதான வீதிக்குத் திரும்பி, நிந்தவூர்ப் பக்கமாகப் போனது.

அந்த வீட்டில் பிறகு இரண்டு ஆம்பிளைகள் இருந்தார்கள். அடுப்படியில் எந்தப் போத்தலில் எந்தத் தூள் என்று இருவருக்கும் தெரியாது. கடைச் சாப்பாட்டுப் பார்சல் வாங்குவார்கள், அல்லது ஜெமீல் சோறு வைத்து அடிப்பிடிக்க விடுவான். ஜெமீல் போய்க் கூப்பிட்டும் ஜெனூபா வரவில்லை. சாச்சி வீட்டு வாசலில் பிள்ளையை மட்டும் அனுப்பிக் காட்டினாள். ஹாஜியாரும் ஒருதரம் போய்வந்தார். பிடிவாதக்காரி என்று ஊர் பேசத் தொடங்கியது. முபீன் அறுகம்பே வேலைக்குப் போகவில்லை. விடுதிக்காரன் எடுத்த அழைப்புக்குச் சுகமில்லை என்று சொன்னான். உண்மையில் இயர்போன் கிடந்த அந்தக் கறுப்புப் பையைத் திறக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஒரு பகல் இருவரும் மேசையில் எதிரெதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மேல்தட்டு வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். ஜெமீல் மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். யாருக்காக எடுக்கிறான் என்று அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

"மச்சான்" என்றான். "அண்டைக்கி மெய்யாவே ஒனக்கு ஒண்டும் கேக்கல்லயா?"

"இல்ல."

"ஒரு சொல்லும்?"

"ஒரு சொல்லும் இல்ல."

ஜெமீல் தட்டை ஒதுக்கி வைத்தான்.

"மூணு தரம்தான் மச்சான் சென்ன நான். அவ சென்னது சரி. விரல மடக்கித்தான் சென்ன."

முபீன் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் போட்டான். "பொறகு ஏன் சத்தியம் பண்ணின?"

"எங்க போற நான்? உம்மாட ஊடு தங்கச்சிக்கு. காலிதீன் காக்கா இரிக்கிறது அவர்ட பொண்டாட்டிட ஊடு. எத்தின நாளைக்கி வாடியில படுக்கிற? என்ட புள்ளயக் காணாம எப்புடி இரிக்கிற? சொல்லு வாயால வந்திட்டு. வந்த சொல்ல எடுக்கிறத்துக்கு எனக்கு வேற வழி தெரியல்ல." மூக்கை உறிஞ்சினான். "நீ கேட்டிரிப்பாய் எண்டுதான் மச்சான் நெனச்ச. நீ கேட்டன் எண்டு சென்னா, ஓம் எண்டு ஒத்துக்கிட்டுப் போறதெண்டு நிய்யத்து வெச்சிக்கிட்டுத்தான் வந்து குந்தின. நீ தலயக் குனிஞ்சிட்டு இரிந்தாய் பாரு, அப்பவே எழும்பிச் செல்லிப்போடுவம் எண்டு வாய் வரைக்கும் வந்த. அதுக்குள்ள நீ அந்தச் சாமானக் கொண்டுவந்து ஹாஜியார்ட காதுல வெச்சாய்."

முபீன் எழும்பிவிட்டான். கை கழுவவுமில்லை. "எழும்பு. இப்பவே ஹாஜியார்ட்டப் போவம். இத அங்க வந்து செல்லு. அவ ஊட்டுக்கு அவ வரட்டும்."

"ஏலா மச்சான்."

"நீ செல்லாட்டி நான் செல்லுவன். நீ ஒன்ட வாயால சென்ன எண்டு செல்லுவன்."

"செல்லு. நான் இல்ல எண்டுதான் செல்லுவன்." ஜெமீலின் குரல் ஒரு நாளும் இல்லாத மாதிரித் தணிந்திருந்தது. "பொய்ச் சத்தியம் பண்ணினவனுக்கு இன்னொரு பொய் பாரமா? ஹாஜியார் ஒன்னட்டக் கேப்பார், சாட்சி ஆரு எண்டு. இஞ்ச வேற ஆரு மச்சான் இரிக்கா, கேட்ட ஆள்?"

அடுப்படியிலும் யாரும் இல்லை, அறையிலும் யாரும் இல்லை. முபீனின் காதில் எதுவும் இல்லை. மச்சான் சொன்னது ஒரு சொல் விடாமல் அவனுக்குக் கேட்டது.